இடுப்பிற் குழந்தையோடு வரும் மோகினி

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரையில் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். பாலங்கள் அருகியிருந்த காலத்திலே, ஒரு கரையினின்று மறுகரை செல்வார்க்குத் தோணியும் ஓடமுமே துணையாயிருந்தன. வேளாண்மைக் காலம் வந்ததும் எழுவான்கரை ஆடவர் பலர் படுவான்கரை வயல்களுக்குச் சென்று, வாடி அமைத்துத் தங்கி, யானைக்கும் பன்றிக்கும் இராக்காவல் இருப்பர். மனைவி மக்களைப் பிரிந்து நெடுநாள் தனித்திருக்கும் அத்தகைய இரவுகளிலேதான் பேய்க் கதைகள் வளரும்.

அக்கதைகளிலே தலைசிறந்தவள் மோகினி. வெண்ணிற ஆடை உடுத்து, கூந்தலை விரித்து, மல்லிகை மணங்கமழ அவள் வழியோரத்திலே நிற்பாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள் என்பர் சிலர். இடுப்பிலே ஒரு கைக்குழந்தையை ஏந்தி வந்து, “இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்கள்” என்று நீட்டுவாள் என்பர் வேறு சிலர். மயங்கி அருகே சென்றவன் மறுநாள் இரத்தம் கக்கி இறந்து கிடப்பான் என்பது கதையின் முடிவு. இக்கதை மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. இலங்கையிலே தமிழரிடத்தும் சிங்களரிடத்தும் வழங்குவது. கேரளத்திலே யட்சியின் கதையாக வழங்குவது. எனினும், இம்மோகினி எங்கிருந்து வந்தாள், அவள் ஏன் அழகியாய் வருகிறாள், அவள் இடுப்பிலே குழந்தை ஏன் என்னும் வினாக்களை ஆராயப் புகுவார்க்கு மட்டக்களப்பு ஒரு தனி விளக்கத்தைத் தருகின்றது.

இரத்தம் குடிக்கும் இத்தகைய பேயை மேனாட்டார் வாம்பயர் என்பர். அழகிய தோற்றத்தால் மனிதரை மயக்கிக் குருதி பருகும் வாம்பயரை இன்று உலகம் முழுவதும் திரைப்படங்களின் வாயிலாக அறியும். ஆனால் ஐரோப்பியக் குடியானவர் அஞ்சிய வாம்பயரிடத்தே அழகு எள்ளளவும் இருந்ததில்லை. 1725ஆம் ஆண்டிலே கிசிலோவா என்னும் சேர்பியச் சிற்றூரிலும், 1732ஆம் ஆண்டிலே மெத்வெஜா என்னும் மற்றோர் ஊரிலும் நிகழ்ந்தனவற்றை ஆஸ்திரிய அரசின் அலுவலர் எழுதி வைத்துள்ளனர். அவ்வறிக்கைகளிலே காணப்படுவது, புதைகுழியிலே அழுகாது சிவந்து கிடந்த பிணமும், அதன் வாயோரத்துக் குருதியும், ஊரார் அதனை அழித்து எரித்த செய்தியுமே. கொள்ளைநோய்க்குக் காரணம் அறியாத மக்கள், முன்னர் இறந்தவனே பின்னர் இறந்தவர்களைக் கொண்டு போனான் என்று கருதினர். அங்கே காதல் இல்லை, கவர்ச்சி இல்லை.

அப்பிணத்துக்கு அழகூட்டியவர்கள் எழுத்தாளர்கள். ஜெர்மானியக் கவிஞர் கெதே 1797ஆம் ஆண்டிலே, இறந்த மணமகள் ஒருத்தி காதலனை நாடி இரவில் வரும் கதையைப் பாட்டாக்கினார். 1819இல் போலிடோரி என்னும் ஆங்கில மருத்துவர், சீமான் கோலத்திலே விருந்து மண்டபங்களில் உலவும் வாம்பயரைப் படைத்தார். அயர்லாந்தினரான லெ ஃபானு 1871, 1872ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கதையிலே கார்மில்லா என்னும் இளம்பெண் அவ்வுருவம் பெற்றாள். 1897இல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா தோன்றியது. எனவே, ஐரோப்பாவிலே நாட்டார் நம்பிக்கையின் அருவருப்பு, நூறாண்டு எல்லைக்குள் நாவலாசிரியர் கையிலே கவர்ச்சியாக மாறியது எனலாம்.

இக்கவர்ச்சிக்கு மிகப் பழைய ஊற்று ஒன்றும் உண்டு. கிரேக்க நூலாசிரியர் பிலோஸ்திராத்துஸ் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுதிய அப்பொல்லோனியுஸ் சரிதத்தில், கொரிந்து நகரத்து இளைஞன் ஒருவனை மணக்க வந்த செல்வ மங்கை, திருமண விருந்திலே பேய் என்று வெளிப்படுகிறாள். இளையோர் குருதி தூயது என்பதற்காகவே அவனைக் கொழுக்க வைத்ததாக அவள் ஒப்புக்கொள்கிறாள். ஆங்கிலக் கவிஞர் கீற்ஸ் பாடிய லாமியா இவளே.

கிரேக்க நாட்டைப் போலவே கீழைநாட்டிலும் மயக்கும் பேய்மகள் மிகப் பழையவள். இங்கே எழுத்தாளர் வந்து அவளுக்கு அழகூட்ட வேண்டியிருக்கவில்லை. அவளைப் பற்றிய பழங்கதைகளிலே மிகச் சிறந்த ஒன்று இலங்கைத் தீவினையே களமாகக் கொண்டது. பாளி மொழியிலுள்ள புத்த சாதகக் கதைகளில் 196ஆவதாகிய வலாகஸ்ஸ சாதகம் என்பது அது.

தாம்பபண்ணித் தீவிலே சிரீசவத்து என்னும் இயக்கியர் நகரம் இருந்தது. கலம் உடைந்து கரையேறிய வணிகர் ஐந்நூற்றுவரை எதிர்கொள்ள இயக்கியர் அணிகலன் பூண்டு, உணவு ஏந்தி, இடுப்பிலே குழந்தைகளோடு சென்றனர். மனிதர் வாழும் ஊர் என்று நம்புமாறு, உழுவோரையும் மாடு மேய்ப்போரையும் மாயத்தாற் காட்டினர். பின்னர் அவர்கள் கூறிய சொற்கள் கருதத்தக்கன: எங்கள் கணவரும் வணிகரே, அவர் கடல் கடந்து சென்று மூன்று ஆண்டுகள் ஆயின, இறந்திருப்பர், இனி நீங்களே எமக்குக் கணவர் ஆகுக என்பது அவர்கள் வேண்டுகோள். வணிகர் இசைந்து இல்லறம் நடத்தினர். ஓர் இரவு வணிகர் தலைவன், வெளியே சென்று மீண்ட மனைவியின் உடல் குளிர்ந்திருத்தலை உணர்ந்தான். அவள் முன்னர்ச் சிறைப்பட்ட மனிதரின் தசையைத் தின்று வந்திருந்தாள். தலைவன் உண்மையைக் கூறியபோது, வணிகருட் பாதிப்பேர் மனைவியரை விட்டு வர மறுத்தனர். ஏனைய இருநூற்றைம்பதின்மரை வானிற் பறக்கும் வெண்குதிரை கரை சேர்த்தது, தங்கியவர் இரையாயினர். இதே கதையின் வேறொரு வடிவத்தை ஏழாம் நூற்றாண்டின் சீன யாத்திரிகர் இயுவான் சுவாங் எழுதி வைத்துள்ளார். அஜந்தாவின் 17ஆம் குகைச் சுவரிலே அது ஓவியமாகவும் காட்சியளிக்கின்றது.

குளிர்ந்த உடலும், அழகும், இரவிலே மனித உணவும் ஆகிய வாம்பயர் இலக்கணம் முழுவதும் இங்கே அமைந்துள்ளது. ஆயினும் இக்கதையின் உள்ளே இன்னொரு செய்தி பொதிந்திருக்கிறது. கடல் கடந்து வணிகம் செய்தோர் துறைமுகங்களிலே மணம் செய்துகொள்வதும், சிலர் அங்கேயே தங்கிவிடுவதும், சிலர் மனைவி மக்களைக் கைவிட்டுத் தாயகம் மீள்வதும் பண்டைக்கால வழக்கு. தங்கிவிட்டவன் திரும்பாத வீட்டிலே, அவனைப் பேய் தின்றது என்று சொல்லப்படும். கைவிட்டு மீண்டவன், தான் விட்டு வந்தவள் பேய் என்று சொல்லி நிம்மதி பெறுவான். இருவர்க்கும் ஏற்ற கதை அதுவே. அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையும் அவள் மூன்று ஆண்டு காத்திருந்த செய்தியும் மட்டும் அழியாமல் நின்றுவிட்டன.

மகாவம்சம் கூறும் குவேனியின் வரலாறு இதனை வலியுறுத்தும். விசயனின் தோழரை ஒருவர்பின் ஒருவராகச் சிறைப்பிடித்த அவ்வியக்கி, விசயன் முன் பதினாறு வயது மங்கையாய் அணிபூண்டு வந்தாள். சிரீசவத்து நகரத்து இயக்கரை வெல்லும் வழியை அவனுக்குக் காட்டிக்கொடுத்து, அவனை அரசனாக்கி, இரு மக்களையும் பெற்றாள். பின்னர் விசயன் மதுரையிலிருந்து பாண்டியன் மகளை வரவழைத்தபோது, குவேனியைப் போய்விடச் சொன்னான். தன் இனத்தவரிடம் மக்களோடு திரும்பிய அவளை ஒற்றறிய வந்தவள் என்று கருதி இயக்கன் ஒருவன் அடித்துக் கொன்றான். கதை தொடங்கும்போது மனிதரை விழுங்க நின்றவள், முடியும்போது கைவிடப்பட்ட மனைவியாய் மாண்டாள். மயக்கியவள் யார், மயங்கியவர் யார் என்று கேட்கத் தோன்றும்.

தமிழகத்திலே இதே உருவம் நீலி என்னும் பெயரால் வழங்கும். தொண்டை நாட்டுப் பழையனூரும் அதனை அடுத்த திருவாலங்காடும் அவள் கதைக்குக் களங்கள். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலே இக்கதைக் குறிப்பு இருத்தலின், ஏழாம் நூற்றாண்டுக்கு முன்னரே இது பரவியிருத்தல் வேண்டும். கதை பலவாறு சொல்லப்படுகிறது. முற்பிறவியிலே கணவனால் கொலையுண்ட பெண் பேயாகி, மறுபிறவியில் வணிகனாய்ப் பிறந்த அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திப் பழையனூர் வேளாளர் அவைக்குச் சென்று, தன்னைக் கணவன் கைவிட்டான் என்று அழுது முறையிடுகிறாள். வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லை நம்பி, அவனுக்குத் தீங்கு நேராது என்று பிணை நின்று, அவனை அவளோடு அனுப்புகின்றனர். இரவிலே அவன் கொலையுண்டான். சொன்ன சொல் தவறாத எழுபதின்மரும் தீப்பாய்ந்து உயிர் நீத்தனர்.

இடுப்பிலே குழந்தையோடு அவைக்கு வந்து முறையிடும் பேய்மகள் சாதகக் கதைகளிலும் உண்டு. தேலபத்த சாதகத்து இயக்கி இவ்வாறே தட்சசீலத்து அரசனிடம் முறையிட்டு, அரண்மனை புகுந்து அனைவரையும் விழுங்குகிறாள். இக்கதைகள் கேட்போர்க்கு அறிவுறுத்துவது யாது? குழந்தையோடு வந்து, இவன் என்னைக் கைவிட்டான் என்று அழும் பெண்ணை நம்பற்க என்பதே. இவ்வறிவுரை தமிழ் மொழியிலே ஆழப் பதிந்துவிட்டது. பொய்யழுகையை இன்றும் நீலிக்கண்ணீர் என்கிறோம். அவள் முன்னர்க் கொலையுண்டவள் என்னும் பகுதியை அச்சொல் நினைவூட்டுவதில்லை. சமண ஆசிரியர் ஒருவர் மட்டும் நீலிக்கு வேறு வாழ்வு கொடுத்தார். நீலகேசி என்னும் காப்பியத்திலே, முனிவரை மயக்க அழகியாய் வந்த பேய் அவர்தம் அறவுரையால் மனந்திரும்பி, நாடெங்கும் சென்று பிற சமயத்தாரோடு வாதம் புரியும் அறிஞையாகின்றாள்.

மோகினியின் கைக்குழந்தைக்கு மற்றுமொரு வேர் உண்டு. கருவுற்ற நிலையிலோ மகப்பேற்றிலோ இறந்த பெண் ஆறுதலின்றி அலைவாள் என்பது பழைய நம்பிக்கை. யாழ்ப்பாணத்திலே மகப்பேற்று வீட்டைச் சுற்றுவதாகக் கருதப்பட்ட கொத்தி என்னும் பேயும், சிங்கள மக்கள் கூறும் போதிரிமா என்னும் பேயும் இந்நம்பிக்கையின் வழிப்பட்டவை. அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 1930ஆம் ஆண்டுகளிலே இலங்கையில் நூறாயிரம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். பயிற்சி பெற்ற மருத்துவமாதர் கிராமந்தோறும் சென்று பணியாற்றிய பின்னர், 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே அத்தொகை ஏறக்குறைய 550 ஆயிற்று. இன்று அது 50க்கும் கீழ்ப்பட்டது. இளந்தாயின் சாவு ஊர்தோறும் நிகழ்ந்த காலத்திலே ஊர்தோறும் மோகினி இருந்ததில் வியப்பில்லை.

அச்சாவுக்கு அஞ்சிய அதே மக்கள், அதற்கு இரங்கவும் செய்தனர் என்பதை மறத்தல் ஆகாது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய வழிகளின் ஓரத்திலே சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். இரு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைத்த இது, தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி இளைப்பாற உதவுவது. வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவள் சுற்றத்தார் இதனை நிறுவினர். மோகினியும் வழிப்போக்கனிடத்திலே தன் சுமையைச் சற்றுத் தாங்குமாறே கேட்கிறாள். ஒரே துயரத்தினின்று பேய்க்கதையும் பிறந்தது, வழிப்போக்கர்க்கு நிழல்போல் உதவும் கல்லும் பிறந்தது.

இனி, மட்டக்களப்பு தரும் விளக்கத்துக்கு வருவோம். மட்டக்களப்பு மந்திரத்துக்கும் வசியத்துக்கும் பேர் போன நாடு என்று பிற பகுதியார் நெடுங்காலமாய்ச் சொல்லி வந்தனர். மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்தார் வாயிலே வழங்கிய சொல். அரசாங்க உத்தியோகமோ ஆசிரியர் வேலையோ பெற்று அங்குச் செல்லும் இளைஞனை எச்சரித்து அனுப்பும்போது தாய்மார் கூறியது இது. அங்குள்ள பெண்கள் வசிய மருந்து இட்டு அவனை மயக்குவர். அவன் பாயை விட்டு எழமாட்டான். வீட்டை மறந்து அங்கேயே மணம் செய்து தங்குவான் என்பது அதன் பொருள். தாம்பபண்ணித் தீவிலே தங்கிவிட்ட வணிகர் கதையும் இதுவும் ஒன்றே என்பதை நேயர்கள் உணர்வர். இயக்கியின் இடத்திலே வாவிக்கரைப் பெண் நிற்கிறாள். கதை சுருங்கிப் பழமொழியாயிற்று.

அந்த ஆடவர் திரும்பாமைக்கு உண்மைக் காரணம் மந்திரமன்று. வீடும் வயலும் ஆகும். மட்டக்களப்பிலே குடி என்னும் குலமுறை தாய்வழியே செல்வது. தாயின் குடியே பிள்ளைகளின் குடி. ஒரு தாய் வயிற்று மரபினரை வயிற்றுவார் என்று வழங்குவர். 1876ஆம் ஆண்டிலே கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பவர் முக்குவச் சட்டத்தை ஆங்கிலத்திலே தொகுத்து வெளியிட்டார். அதன்படி முதுசொம் எனப்படும் பரம்பரைச் சொத்து, ஆடவனுக்குப் பின் அவன் பிள்ளைகளைச் சேராது உடன்பிறந்தாளின் பிள்ளைகளைச் சேர்ந்தது. அச்சட்டம் காலப்போக்கிலே நீதிமன்றங்களில் வழக்கொழிந்தது. ஆயினும், பெண்ணுக்கு வீடும் நிலமும் கொடுத்தலும், மணமகன் பெண்வீடு சென்று வாழ்தலும் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வேரூன்றி நின்றன. வெளியூரிலிருந்து தனியே வந்த இளைஞனுக்கு மணத்தோடு ஒரு வீடும், வயலும், உறவினரும் கிடைத்தனர். அவன் தங்கினான். அதற்கு வசியம் தேவைப்படவில்லை.

வீட்டுக்குரியவளாய் ஒரு பெண் இருப்பதும், அவள் வீட்டுக்கு ஆடவன் வந்து சேர்வதும் காணாத கண்ணுக்கு விந்தையாய்த் தோன்றின. அவ்விந்தையே மந்திரம் என்று பெயர் பெற்றது. மட்டக்களப்பு மக்களின் வழக்கங்களையும் நாட்டுப் பாடல்களையும் பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டிலே மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலிலே தொகுத்தளித்தபோது, வெளியார் பழிச்சொல்லாலன்றி அந்நாட்டார் வாழ்வினாலேயே அந்நாட்டை அறியும் வழி பிறந்தது.

இதே வாவியிலே மயக்கத்துக்கு வேறொரு வடிவமும் உண்டு. நிலவுக் காலத்து இரவிலே கல்லடிப் பாலத்தருகே, துடுப்பை நீரில் அமிழ்த்திக் காதோடு சேர்த்துக் கேட்டால், அடியிலிருந்து நாதம் எழும் என்பர். எமர்சன் தெனன்ற் 1848ஆம் ஆண்டிலே அங்குச் சென்று, அவ்வோசையைத் தாம் கேட்டவாறு பின்னர் நூலில் எழுதினார். மீன் பாடுகிறது என்பர் சிலர். ஊரி என்னும் சிப்பியுயிர் பாடுகிறது என்பர் மீனவர். கிரேக்கர், மாலுமிகளைப் பாடி அழைத்துக் கொல்லும் சைரன் மகளிரைக் கற்பித்தனர். காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1947ஆம் ஆண்டு வெளிவந்த யாழ் நூலிலே, அவ்வோசையை நீரரமகளிர் இசையாகப் பாடினார். அம்மகளிர் எவரையும் கொல்வதில்லை. அழகும் இரவும் நீரும் பெண்குரலும் ஒருங்கே கூடிய இடத்திலே, பழந்தமிழ் இசையை ஆராய்ந்த அப்பெரியார் அஞ்சுதற்கு ஒன்றும் காணவில்லை.

மண்முனைத் துறையிலே ஓடம் ஓடிய நீரின்மேல் 2014ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்பட்டது. மின்விளக்கு வந்த வழிகளிலே மோகினியைக் காண்போர் குறைந்தனர். ஆனால் அவள் கதையை ஆக்கிய சூழ்நிலை முற்றும் மறையவில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழியில் வந்த ஆழிப்பேரலையும், 2009இல் முடிந்த நெடும்போரும் அம்மாவட்டத்திலே கணவனை இழந்த பெண்கள் பலரைத் தனியே குடும்பம் தாங்க விட்டுச் சென்றன. பேரலைக்குப் பின் வீடுகள் மீளக் கட்டப்பட்டபோது, ஆடவனையே குடும்பத் தலைவனாகக் கொள்ளும் பதிவு முறையினால், தாய்வழி வந்த வீட்டுரிமை மகளுக்குக் கிட்டாது போகுமோ என்னும் கவலை எழுந்தது. இடுப்பிலே குழந்தையோடு அலுவலகத்துக்கு வந்து, இது என் தாய் தந்த வளவு என்று சொல்லும் பெண்ணின் கண்ணீரை நீலிக்கண்ணீர் என்று தள்ளுவதற்குப் பழங்கதை துணை நிற்கும். அக்கதையை முழுமையாக அறிந்தவர்களோ, நீலி முன்னர்க் கொலையுண்டவள் என்பதையும், குவேனி துரத்தப்பட்டவள் என்பதையும், இயக்கியர் மூன்று ஆண்டு கடலைப் பார்த்திருந்தனர் என்பதையும் நினைந்து, அவள் கூறுவதை இறுதி வரை கேட்பர்.